நெருங்கி நின்று பேசுக

புதுவை நெல்லித்தோப்பின் விழாக் குழுவினருக்கும், மன்ற நிர்வாகிகளுக்கும், நம் மேடைகளுக்கு மைக் செட் அமைத்துத் தரும் நண்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அன்பர்களே,

ஆடி பிறந்தால் மாரியம்மன் கோயில்களில் செடல் உற்சவமும் கூழ் வார்த்தலும், ஆகஸ்டு 15ஆம் நாளில் ஒருபுறம் சுதந்திர தினக் கொடியேற்றமும் மறுபுறம் நம் விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் பெருவிழாவும், நவம்பர் 1ஆம் நாளில் புதுவை விடுதலை நாள் கூட்டங்களும், இவற்றுக்கிடையே திருமணங்களும் பள்ளி ஆண்டு விழாக்களும் அரசியல் பிரசங்கங்களுமாக, நெல்லித்தோப்பில் மேடையில்லாத மாதம் என்று ஒன்றைக் காண்பது அரிது. 2016 நவம்பரில், முதலமைச்சராக இருந்த நாராயணசாமி அவர்களே இத்தொகுதியின் இடைத்தேர்தலில் வேட்பாளராக நின்ற நாட்களில், சந்துமுனைகள்கூட மேடைகளாயின. இம்மேடைகளில் அம்மன் புகழ் பாடுவோரும், மறையுரை ஆற்றுவோரும், வாக்குக் கேட்போரும், ஆண்டறிக்கை வாசிப்போரும் எண்ணத்தாலும் நோக்கத்தாலும் எத்துணை வேறுபட்டிருப்பினும், அவர்கள் அனைவரும் வந்து நிற்கும் இடம் ஒன்றே. அது மைக்கின் எதிரே உள்ள ஓரடி நிலம்.

அந்த ஓரடி நிலத்தைப் பற்றியே இம்மடலில் தங்களிடம் சில வார்த்தைகள் விண்ணப்பித்துக்கொள்ள விரும்புகிறேன். கூட்டம் முடிந்து கலைகிறவர்கள், பேச்சு விளங்கவில்லை என்றும், ஊளைச் சப்தம் காதைத் துளைத்தது என்றும், மைக் சரியில்லை என்றும் சொல்லிக்கொண்டு போவதும், அடுத்த ஆண்டு விழாவுக்கு முன்னர் குழுவினர் கூடி இன்னும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளையும் இன்னும் கூடிய வாட் ஆற்றலையும் கொண்டுவரத் தீர்மானிப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. மைக்கின்மீது குற்றம் இருப்பது அபூர்வம். ஆற்றல் போதாமையும் அபூர்வமே. மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரமும், மைக் நோக்கும் திசையும் ஆகிய இரண்டையும் நாம் பொருட்படுத்தாமையே நம் மேடைகளின் குறை. இவ்விரண்டையும் சீர்செய்வதற்கு ஒரு காசும் செலவில்லை.

இக்கருவி வருவதற்கு முன்னர் நம் கலைஞர்கள் எவ்வாறு சமாளித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுவையில்தான் காலமானார். அவருடைய சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவர் பயிற்றுவித்த பாலர்கள், பின்வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்கும்படி, உச்ச சுருதியில், யந்திரத் துணை ஏதுமின்றி இரவு முழுதும் பாட வேண்டியவர்கள். குரலின் இனிமையைவிடக் குரலின் எட்டும் திறனே முதல் தகுதியாக இருந்த காலம் அது. பின்னர் 1930களில், மோத்வானி குடும்பத்தாரின் சிகாகோ ரேடியோ நிறுவனம் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுக்கத் தொடங்கியதும், காந்தியடிகளைப் போன்று மெல்லிய குரலில் பேசுகிறவரும் பெருந்திரளான ஜனங்களை நோக்கி உரையாட முடிந்தது. கத்த வேண்டிய நிர்ப்பந்தம் அன்றோடு நீங்கியது. ஆனால், கத்தும் வழக்கம் நீங்கவில்லை. மைக்கை முன்னால் வைத்துக்கொண்டே, அது இல்லாததுபோல் எட்டி நின்று முழங்குவதை இன்றும் சிலர் பிரசங்க லட்சணமாகக் கருதுகிறார்கள்.

நம் மேடைகளில் பெரும்பாலும் காணப்படுவது, டைனமிக் வகையைச் சேர்ந்த, ஒரு திசையையே நோக்கிக் கேட்கும் மைக். அதன் உள்ளமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. வலைமூடிக்குக் கீழே மெல்லிய சவ்வு ஒன்று. சவ்வின் அடியில் ஒட்டியிருக்கும் நுண்ணிய கம்பிச்சுருள் ஒன்று. அச்சுருளைச் சூழ்ந்து நிற்கும் காந்தம் ஒன்று. பேச்சின் காற்றலை சவ்வை அசைக்க, சவ்வு சுருளை அசைக்க, காந்தப் புலத்தில் அசையும் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதிப்படியே, ஓரிரண்டு மில்லிவோல்ட் அளவான மின்னழுத்தம் கம்பி வழியே புறப்படுகிறது. பெல் ஆராய்ச்சிக்கூடத்து வென்ட்டியும் துராஸும் 1931இல் இதனை நடைமுறைக்குரிய கருவியாக்கினர். இதற்கு மின்கலம் வேண்டியதில்லை. வெயிலிலும் புழுதியிலும் கடற்காற்றிலும் இது பணிசெய்யும். மிக உரத்த சப்தத்தையும் கலங்காமல் தாங்கும். ஆயின், அது பிறப்பிக்கும் மின்சாரம் அத்துணை சொற்பமாகையால், எட்டி நிற்பவரின் குரலைப் பிடிக்கும் நுண்மையை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

அடுத்து அதன் திசைக்குணம். ஷூர் நிறுவனத்தில் பணியாற்றிய பெஞ்சமின் பாவர் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் 1939இல் வெளிவந்த யூனிடைன் மைக், ஒரே சவ்வைக்கொண்டு முன்புறத்துச் சப்தத்தை ஏற்றுப் பின்புறத்துச் சப்தத்தை விலக்கும் உபாயத்தைச் சாதித்தது. 1966இல் அதே நிறுவனம் வெளியிட்டு இன்று உலகத்து மேடைகளிலெல்லாம் காணப்படும் எஸ்.எம்.58ம், நம் நாட்டு அஹுஜா முதலிய நிறுவனங்களின் ஒருதிசை மைக்குகளும் இவ்வழியில் வந்தவையே. உபாயம் இது: சவ்வின் முன்புறம் மட்டுமின்றி, அதன் பின்னாலும் காற்றுத் துளைகள் விடப்பட்டிருக்கின்றன. பின்னாலிருந்து வரும் சப்தம் அத்துளைகளின் வழியே, வேண்டுமென்றே தாமதப்படுத்தப்பட்டு உள்ளே நுழைவதால், சுற்றிக்கொண்டு முன்புறம் வரும் அதே சப்தத்தோடு ஒரே கணத்தில் சவ்வை அடைகிறது. ஒரு கதவை இருபுறமும் சம பலமுடைய இருவர் தள்ளினால் அது அசையாது நிற்பதுபோல, சவ்வும் அசையாது நிற்கிறது. முன்னால் நிற்பவரின் குரலுக்கு இந்தத் தடை இல்லை. பக்கவாட்டில், அதாவது 90 பாகையில் வருவது 6 டெசிபல் குறைந்து ஒலிக்கும். நேர் பின்னால் வருவது ஏறக்குறைய இல்லாமலே போகும்.

இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால், மேடையில் நாம் காணும் விபரீதங்கள் பலவற்றுக்கு விளக்கம் தானே கிடைத்துவிடும். மெல்லிசைப் பாடகரான இளைஞர் ஒருவர், பார்ப்பதற்கு நன்றாயிருக்கிறது என்று மைக்கின் வலைத்தலையை முஷ்டியால் பொத்திப் பிடித்துப் பாடுகிறார், பின்துளைகள் அடைபட்டுப் போகின்றன, ஒருதிசை மைக் அக்கணமே எத்திசையும் கேட்கும் மைக்காகிவிடுகிறது, ஊளை கிளம்புகிறது. ஊளை கிளம்பியதும் அவர் செய்வதென்ன? சப்தத்தை அடக்குவதாக எண்ணி மைக்கை இன்னும் இறுகப் பொத்துகிறார், ஊளை இரட்டிக்கிறது. மைக்கின் உடலைப் பிடிக்க வேண்டுமேயன்றித் தலையைப் பிடிக்கலாகாது என்பது, மேடையேறும் ஒவ்வொருவர்க்கும் முதற்பாடமாகச் சொல்லிக்கொடுக்கத் தக்கது.

அதைப்போன்றே, பேசுவோர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் பெட்டியின் இடமும் மைக்கின் குணத்தைப் பொறுத்தது. சாதாரண ஒருதிசை மைக்குக்கு அது செவிடாயிருக்கும் இடம் நேர் பின்புறமாகையால், பெட்டியும் அங்கேயே, பேசுவோரின் காலடிக்கு எதிரே, மைக்கின் வால் நோக்கும் திசையில் இருக்க வேண்டும். இன்னும் குறுகிய நோக்குடைய சூப்பர்கார்டியாய்டு வகைக்கோ, நேர் பின்புறம் சிறிது கேட்கும். முன்புறத்திலிருந்து ஏறத்தாழ 125 பாகையில் இருபக்கமும்தான் அதற்குச் செவிடு. ஆதலின் பெட்டி சற்று ஒதுங்கி ஒருபக்கமாக அமைய வேண்டும். மைக் செட் நண்பர்கள் எந்த மைக்கைப் பொருத்துகிறோம் என்று பாராமல் பெட்டியை வசதிப்பட்ட மூலையில் வைப்பதனால் வரும் ஊளைக்கு மைக் பொறுப்பாகாது. பெரிய பெட்டிகளையும் குழாய் ஒலிபெருக்கிகளையும் மேடைக்கு முன்னே தள்ளி, சபையை நோக்கித் திருப்பி வைத்தலும், எக்காரணத்தாலும் அவற்றின் வாய் மேடைப் பக்கம் திரும்பாதிருத்தலும் இதே நியாயத்தின் தொடர்ச்சி.

இனி, தூரம். இம்மடலின் சாரம் இதுதான். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம் இரட்டிக்குந்தோறும் மைக்கை அடையும் குரல் 6 டெசிபல் குறைகிறது. நான்கு விரற்கடை, அதாவது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தூரத்தில் நின்று பேசுகிறவர், ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட 28 சென்டிமீட்டருக்கு விலகினால் 12 டெசிபல் நஷ்டம். இந்த நஷ்டத்தைக் குமிழைத் திருகி ஈடுசெய்ய வேண்டுமானால் ஆம்ப்ளிஃபையர் 16 மடங்கு ஆற்றலைத் தர வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், எட்டி நிற்பவருக்கு 100 வாட் செய்யும் வேலையை, நெருங்கி நிற்பவருக்கு 6 வாட்டே செய்து முடித்துவிடும். அன்றியும் குமிழைத் திருகுகையில் உயர்வது குரல் மட்டுமன்று; மின்விசிறியின் இரைச்சலும், பின்னால் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பிரமுகர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குசலமும், ஸ்பீக்கரிலிருந்து திரும்பிவரும் ஒலியும் கூடவே உயர்கின்றன. திரும்பிவரும் அவ்வொலி மைக்கில் புகுந்து, பெருகி, ஸ்பீக்கரில் வெளிப்பட்டு, மறுபடியும் மைக்கில் புகுந்து சுழலத் தொடங்குவதே ஊளை என்பது. ஆகையால் குரல் போதவில்லையென்றால் முதலில் செய்யத்தக்கது, பேசுவோரை ஓரடி முன்னே வரச் சொல்லுதல். குமிழைத் தொடுவது அதற்கும் பின்னரே.

நெருங்கிப் பேசுவதிலும் ஒரு முறை உண்டு. இவ்வகை மைக்கை நெருங்க நெருங்கக் கீழ்ஸ்தாயி ஒலிகள் விகிதத்துக்கு மீறித் தடித்து வரும். கனத்த குரலுடையார்க்கு இது வார்த்தையை மழுக்கிவிடும். இன்னொரு தொல்லை, பகரம் முதலான எழுத்துக்களை உச்சரிக்கையில் உதட்டை விட்டுத் தெறிக்கும் காற்று. நம் மேடைப் பேச்சுக்கள் யாவும் பேரன்பு, பெருமதிப்பு, பெரியோர் என்றே ஆரம்பமாகின்றனவாதலால், நேராக மைக்கில் வாய் வைத்துப் பேசுவோரின் முதல் வாக்கியத்திலேயே சபையோர்க்கு நாலைந்து வெடிச்சப்தம் கேட்டுவிடுகிறது. பரிகாரம் எளிது: மைக்கை வாய்க்கு நேரே வையாமல் மோவாய் மட்டத்துக்குத் தாழ்த்தி, அதன் நோக்கு உதட்டை நோக்கி மேலெழும்படி சற்றே சாய்த்து வைத்தால், தெறிக்கும் காற்று அதற்கு மேலாகப் போய்விடும், குரலோ குறையாது வந்து சேரும், பேசுகிறவரின் முகமும் சபைக்கு மறையாது. அதனோடு, பேச்சுக்குரிய மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை மிக்ஸரிலேயே வெட்டிவிட்டால் தடிப்பும் நீங்கும்.

ஸ்டாண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைக்கைப் பற்றும் கிளிப்பின் மறை தேய்ந்திருந்தால் என்ன நேர்கிறதென்று முன்வரிசையில் இருந்து கவனித்தவர்கள் அறிவார்கள்: வரவேற்புரையின்போது உதட்டை நோக்கியிருந்த மைக், தலைமையுரை பாதி நடக்கையில் தலைகவிழ்ந்து பேச்சாளரின் மார்பை நோக்கத் தொடங்கி, சிறப்புரைக்கு வருவதற்குள் பொன்னாடையின் ஜரிகையைக் கேட்டுக்கொண்டிருக்கும். உயரமானவர் பேசிச் சென்றபின் பள்ளிச் சிறுமி ஒருத்தி கடவுள் வாழ்த்துப் பாட வந்தால், அவள் தலைக்கு மேலே மைக் நிற்க, எட்டிப் பார்த்துப் பாடிவிட்டுப் போகிறாள். ஸ்டாண்டைத் தாழ்த்த வேண்டும் என்ற எண்ணம் மேடையிலிருக்கும் பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பொன்னாடை போர்த்துவோரும் மாலை சூட்டுவோரும் மைக்குக்குப் பின்னால் அன்றி முன்னால் புகுந்து நிற்பதால், அந்நேரம் அதில் விழுவது ஸ்டாண்டு இடிபடும் ஓசை ஒன்றே. மைக் வேலை செய்கிறதா என்று அறிய விரலால் தட்டுவதும், அதைவிடக் கேடாக, வாயால் ஊதுவதும் வேண்டா. ஊதும் காற்றின் வேகமும் ஈரமும் அந்த மெல்லிய சவ்வுக்கு ஆகாதவை. பேசிப் பார்ப்பதே பரீட்சை.

கச்சேரியும் கூத்தும் வேறு கணக்கு. நாதஸ்வரம் தானே ஊரைக் கூட்டும் வாத்தியமாதலின், அதன் அடிவாயாகிய அணைசுக்குள் மைக்கை நுழைப்பது தேவையற்றது. இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் துளைகளிலிருந்து எழும் நாதமும் சேர்ந்து முழுமையாக வரும். தெருக்கூத்துக்காரர்கள் சுழன்றாடிப் பாடுகிறவர்கள். அவர்களுக்கு மேலே கழியில் கட்டித் தொங்கவிடப்படும் மைக்குகள், ஆடுகளத்துக்கு முன்னிருந்து பாடுவோரின் வாயை நோக்கிச் சாய்ந்திருத்தல் அவசியம். நேர் கீழே நோக்கித் தொங்கினால் அவை கேட்பது கிரீடத்தையும் சலங்கையையுமே. ஆலயத்தின் பாடகர் குழுவுக்கும், பஜனைக் கோஷ்டிக்கும் பல மைக்குகள் வைக்கையில், ஒரு மைக்குக்கும் அதன் பாடகருக்கும் உள்ள தூரத்தைப்போல் மும்மடங்காவது அடுத்த மைக் தள்ளியிருக்க வேண்டும் என்பது ஒலிப்பதிவாளர்கள் எங்கும் கைக்கொள்ளும் விதி. இல்லையேல் ஒரே குரல் இரு மைக்குகளில் சிறிது முன்பின்னாக விழுந்து, தகர டப்பாவில் பாடுவதுபோல் வெளிறிக் கேட்கும். உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவர்களும் உள்ள ஆலயத்தில் எதிரொலி அதிகம். ஒருதிசை மைக் அவ்வெதிரொலியில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் என்பது மெய். ஆனால், வாசகர் தாளைப் பார்த்துத் தலைகுனிந்து, மைக்கை விட்டு விலகிப் படித்தால் அந்தச் சகாயமும் வீணே.

மைக் செட் நண்பர்களுக்குத் தனியே சில வார்த்தைகள். மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் முதல் முனை பூமிக்கும், மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரிடையாக மைக்கின் குரலைச் சுமப்பதற்கும் உரியவை. வழியில் புகும் மின்னிரைச்சல் இரண்டிலும் ஒருபடியாகப் புகுவதால் மிக்ஸரில் கழிந்துவிடும். சீரியல் விளக்குத் தோரணங்களின் ஒயர்களோடு பின்னிக்கொண்டு ஓடும் நம் விழாக் கேபிள்களுக்கு இது எத்துணை அவசியம் என்று தாங்கள் அறிவீர்கள். சிக்கனம் கருதி ஒரு முனையை வெட்டிப் போன் ஜாக்கில் இணைக்கும்போது அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம். மேடையில் பேசாதிருக்கும் மைக்குகளை மூடிவைத்தல் இன்னொரு கடமை. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்குந்தோறும் ஊளைக்கு முன் நமக்குள்ள இடைவெளி 3 டெசிபல் குறைகிறது. எக்கோ என்னும் அலங்காரத்தைப் பாட்டுக்கு வேண்டுமானால் அளவோடு சேர்க்கலாம். பேச்சுக்கு வேண்டவே வேண்டா. உப்புக் காற்றடிக்கும் இவ்வூரில் மைக்கின் வலைத்தலையைக் கழற்றி, உள்ளேயுள்ள பஞ்சைக் கழுவி, நன்றாக உலர்த்தியபின் மாட்டும் வழக்கத்தைக் கைக்கொண்டால், துருவும் துர்க்கந்தமும் இல்லாமல் கருவி நெடுநாள் உழைக்கும்.

இவ்வளவும் மேடையில் இருப்பவர்களுக்காக மட்டும் எழுதப்படவில்லை. நெல்லித்தோப்பின் தெருக்கள் நெருங்கிய வீடுகளை உடையவை. ஒரு வாசலில் குழாய் கட்டினால் பத்து வாசல்களில் உள்ள நோயாளியும், கைக்குழந்தையும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் அதைக் கேட்டே தீர வேண்டும். மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்து, விசேஷ நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்வு அளிக்க இடமளிக்கின்றன. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றும், மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி என்றும் வரம்பிடுகின்றன. விதியை மதித்தால் விழா களையிழந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. நெருங்கி நின்று பேசும் ஒரு மேடையை அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும். பாதிச் சப்தத்தில் முழுப் பேச்சும் விளங்கும். சப்தத்தின் மிகுதியும் வார்த்தையின் தெளிவும் ஒன்றல்ல; முன்னதைக் கூட்டிப் பின்னதைப் பெற முயல்வதே நம் நெடுநாளைய பிரமை.

ஆதலின் தங்களிடம் நான் வேண்டுவன இவை. விழா அழைப்பிதழில் நன்றியுரை கூறுபவர் வரை எல்லார்க்கும் பொறுப்பு வகுக்கும் நாம், மைக்குக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குவோம். மேடையின் ஓரத்திலேயே நின்று, ஒவ்வொருவரும் எழுந்து வருகையில் ஸ்டாண்டை அவரவர் உயரத்துக்குச் சரிசெய்து, நான்கு விரற்கடைக்கு அழைத்து நிறுத்துவதே அவர் வேலை. மந்திரியானாலும் மாணவியானாலும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதைக் குழுவினர் முன்கூட்டியே அறிவித்துவிடலாம். சபை கூடுவதற்கு அரைமணி முன்னர் மைக் செட் அமைப்போருக்கு மேடையை முழுவதுமாக ஒப்படைத்து, ஒருவர் பேச, ஒருவர் கடைசி வரிசையில் நின்று கேட்க, அளவைக் குறித்துக்கொள்ளச் செய்வோம். அதன்பின் குமிழ்களில் வேறெவரும் கை வைக்க வேண்டா. அடுத்த விழாவுக்குப் பெரிய பெட்டிகள் வேண்டும் என்னும் தீர்மானத்தை, இம்முறையை ஒரு பருவம் கைக்கொண்டு பார்த்தபின் எடுத்துக்கொள்ளலாம். அப்பெட்டிகளுக்காக ஒதுக்கும் பணத்தில் நல்ல கிளிப்புகளும், முறையான கேபிள்களும், நம்பகமான மைக் ஒன்றும் வாங்கிய பிறகும் அன்னதானத்துக்கு மீதம் இருக்கும்.

இப்படிக்குத் தங்கள் நன்மையை நாடும்,
நெல்லித்தோப்பு வாசி ஒருவன்